குடிக்காதவனின் கணையம்

ஜூன் 12, 2024, புதன்

பள்ளி திறந்த வாரம். பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டுதான் காலையில் வேன் எடுத்தேன். அப்படியும் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆண்டிமடத்தில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேன் ஆயா பச்சையம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, லீவுல சுபா சோறு போடலையா? இப்படி உருகிப்போயிட்ட."

சிரித்துச் சமாளித்தேன். சோறு போடாமல் என்ன? முன்பைவிட இப்போதுதான் அதிகம் தின்கிறேன். காலையில் பாப்பா மிச்சம் வைத்த இட்லியையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறேன். பள்ளிக்கூட வாசலுக்கு வருவதற்குள் மறுபடியும் பசி. அத்தனையும் எங்கே போகிறது?

ஜூன் 16, ஞாயிறு

ஆயா சொன்னதை விளையாட்டாக வீட்டில் சொன்னது தப்பாகிவிட்டது. மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சுபா நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். "புருஷனுக்குப் பொங்கிப்போடத் துப்பில்லன்னு ஊரே என்னைத்தான் பேசும்" என்று சொல்லிக்கொண்டே சோற்றில் நெய்யை ஊற்றினாள். நிறுத்தவே இல்லை. நானும் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அந்த வலி, சில வாரமாக வந்துபோவது. மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் போகிறது. குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. அப்புறம் கழிப்பறை. எழுதவே கூச்சமாக இருக்கிறது. யார் படிக்கப்போகிறார்கள்? போனது மிதக்கிறது. மேலே எண்ணெய்ப் படலம், குழம்புச் சட்டி கழுவிய தண்ணீர் மாதிரி. வாளி வாளியாக ஊற்றினாலும் போவதில்லை. நாற்றம் தாங்காமல் பாப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள். என் பிள்ளை முன்னால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஜூன் 25

நன்றாகச் சாப்பிடுகிறேன். நாளுக்கு நாள் இளைக்கிறேன். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்?

ஜூலை 6, சனி

ஆண்டிமடத்து டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்து "கேஸ்" என்றார். டிரைவர்கள் எல்லோருக்கும் இருப்பதுதானாம், நேரத்துக்குச் சாப்பிட்டால் சரியாகிவிடுமாம். நான் நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். மிதப்பதைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சுபா முந்திரியைப் பாலில் அரைத்துக் காய்ச்சித் தருகிறாள். எங்கள் வரதராஜன்பேட்டையில் உடம்பு தேற அதைத்தான் கொடுப்பார்கள். குடித்த மறுநாள் வயிறு இன்னும் மோசம். முந்திரி ஆகவில்லையா, பால் ஆகவில்லையா? நல்லது எல்லாம் எனக்கு மட்டும் ஏன் கெட்டதாகிறது?

ஜூலை 26, வெள்ளி

இன்று வேனை ஓரம் கட்டவேண்டியதாகிவிட்டது. சாயங்காலம் பிள்ளைகளோடு வரும்போது வலியில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை. முந்திரித் தோப்புப் பக்கம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டேன். பிள்ளைகள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிதான் பயமாக இருந்தது. ஆயா தண்ணீர் கொடுத்து முதுகைத் தேய்த்துவிட்டார். பிறகு எப்படியோ மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தேன்.

ஆயா பள்ளியில் சொல்லியிருக்க வேண்டும். தாளாளர் நல்லுசாமி சார் போன் பண்ணினார். "பாத்துக்க லியோ. பிள்ளைங்க விஷயம். நல்ல எடத்துல காட்டிட்டு, என்ன ஏதுன்னு ரிப்போர்ட்டோட வா."

ஆகஸ்ட் 3, சனி

ஜெயங்கொண்டத்தில் ஸ்கேன் எடுத்தோம். கணையத்தில் கல் இருக்கிறதாம். கணையம் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. இரைப்பைக்குப் பின்னால் என்று டாக்டர் காட்டினார். சின்ன வயசுக்காரர். படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?"

"குடிக்கிறதில்லைங்க சார்."

"இப்ப விட்டுட்டீங்களா?"

"தொட்டதே இல்லைங்க."

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை. எத்தனையோ பேரிடம் இதையே கேட்டு அலுத்துப்போன சிரிப்பு. "டாக்டர்கிட்ட மறைக்கக் கூடாது" என்றார், சுபாவைப் பார்த்து. தாளில் ஆல்கஹால் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பஸ்ஸில் சுபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குடிக்கவில்லை என்பதை எப்படிச் சொன்னால் குடிக்காதவன் சொன்ன மாதிரி இருக்கும்?

ஆகஸ்ட் 5, திங்கள்

சாவியை வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாளைக் காட்டினேன். காட்டாமலே இருந்திருக்கலாமோ? ரிப்போர்ட்டோடு வரச் சொன்னவர் அவர்தானே. நல்லுசாமி சார் படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் நம்புறேன்பா. பெத்தவங்க நம்பணுமே. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு."

எத்தனை வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டேதான் கையை நீட்டினார்.

ஆகஸ்ட் 7

வெளியே போய்விட்டு வந்தால் சுபா தண்ணீர்ச் சொம்போடு ரொம்பப் பக்கத்தில் வந்து நிற்கிறாள். மோந்து பார்க்கிறாள் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. யோசித்து யோசித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சின்ன வயதில் எனக்குத் தெரியாமல் குடித்திருப்பேனோ? அப்பா லூர்துராஜ் ஓயாமல் குடித்தவர். குடித்தே செத்தவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கள்ளில் விரலை நனைத்து என் நாக்கில் வைப்பாராம், நான் சப்புக்கொட்டுவேனாம். அம்மா சொல்லியிருக்கிறாள். அந்தத் துளியா? அது இத்தனை வருடம் கழித்தா கல்லாகும்? இல்லை, இருமல் மருந்தா? அதிலும் இருக்கிறது என்கிறார்களே.

அப்பா குடித்தது என் உடம்பில் வந்து இறங்கியிருக்குமா? நிலம் வருகிறது, நிறம் வருகிறது. இதுவும் வருமோ?

சாராய வாடை பிடிக்காமல் நான் கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் ஓடி வந்துவிடுவேன். அது ஊருக்கே தெரியும். இப்போது எல்லோருக்கும் மறந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

இன்று ஒயின் ஷாப் வரிசையில் நின்றேன்.

எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. மாத்திரை வாங்க ஆண்டிமடம் போனேன். டீக்கடையில் ஒருவர், "நீ ஓட்டினப்பவே இந்தப் பழக்கம் இருந்துச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். கோபம்கூட வரவில்லை. எழுந்து நடந்தேன். கால் அங்கே கொண்டுபோய் விட்டது. குடிகாரன்னு சொல்லிட்டாங்க, குடிச்சாதான் என்ன, வலியாவது மறக்குமில்ல, அப்படித்தான் நினைச்சேன். வரிசை நகர்ந்தது. கம்பிக்குப் பக்கத்தில் போனதும் அந்த வாடை. அப்பாவின் சட்டை வாடை. குமட்டிக்கொண்டு வந்தது. விலகி வந்து வேலியோரம் வாந்தி எடுத்தேன்.

வாங்கவில்லை. குடிக்கவில்லை. இதை யாரிடம் சொல்வது?

ஆகஸ்ட் 19, திங்கள்

பக்கத்து வீட்டு உத்திராபதி பார்த்திருக்கிறார். வரிசையில் நின்றதையும் பார்த்திருக்கிறார், வாந்தி எடுத்ததையும் பார்த்திருக்கிறார். நடுவில் நடக்காததைத் தானாகச் சேர்த்துக்கொண்டார். சுபாவிடம் சொல்லியாகிவிட்டது.

"நின்னீங்களா இல்லையா?"

"நின்னேன். ஆனா—"

"போதும்."

"வாங்கல சுபா. பாப்பா மேல சத்தியமா வாங்கல."

"பாப்பா மேல சத்தியம் பண்ணாதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் பாப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தாள். சுபா அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உண்மையைத்தான் சொன்னேன். நின்னேன்னு சொன்னதும் உண்மை, வாங்கலன்னு சொன்னதும் உண்மை. ஒன்னை மட்டும் எப்படி எடுத்துக்கிட்டா? நான் பொய் சொல்லியிருக்கணுமா?

ஆகஸ்ட் 20

தட்டை வைத்துவிட்டுப் போகிறாள். தனியாகச் சாப்பிடுகிறேன். தட்டில் நெய் இல்லை. வயிறு கொஞ்சம் தேவலை. இதில் என்ன கணக்கு என்று புரியவில்லை.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். துண்டு கொண்டுவந்த சுபா அப்படியே நின்றுவிட்டாள். விலா எலும்புகளைப் பார்த்தாள் போலிருக்கிறது. "பெரம்பலூர்ல குடல் டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். வெள்ளிக்கிழமை போவோம்" என்றாள்.

"குடிகாரனைக் காட்டவா?" என்று கேட்டேன்.

"எதா இருந்தாலும் இருக்கட்டும். எனக்கு நீங்க இருக்கணும்."

கோபப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பஸ் மாறி மாறிப் பெரம்பலூர் போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிட்டது. டாக்டர் முத்தமிழ் நடுவயதுப் பெண். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "வெளிக்குப் போறது மிதக்குதா? எண்ணெயா இருக்கா?"

இத்தனை நாளாக யாரும் இதைக் கேட்கவில்லை. தலையாட்டினேன். கண் கலங்கிவிட்டது. எதற்கு என்றும் தெரியவில்லை.

அவர் சொன்னதை முடிந்தவரை எழுதிவைக்கிறேன். சாப்பிடுவதால் மட்டும் உடம்பில் ஒட்டாது. அதை உடைத்துப் பொடிப்பொடியாக்கினால்தான் குடல் உறிஞ்சும். உடைக்கிற சாறு கணையத்திலிருந்து வருகிறது. சோற்றுக்கு ஒன்று, கறி பருப்புக்கு ஒன்று, எண்ணெய் நெய்க்கு ஒன்று. சோற்றுக்கு வாயில் எச்சிலே கொஞ்சம் வேலை பார்த்துவிடும், கறிக்கு இரைப்பை உதவும். எண்ணெய்க்குத்தான் கணையத்தை விட்டால் பெரிதாக வேறு கதி இல்லை. எனக்குக் கல் அடைத்து, சுரக்கிற சதையும் கெட்டுப்போய், அந்தச் சாறே சரியாக வருவதில்லை. அதனால் நெய்யும் முந்திரியும் போன மாதிரியே வெளியே வந்துவிடுகிறது.

"இந்த உடைக்கிற பொருளுக்கு நொதின்னு பேரு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கள்ளு நொதிக்கும்னு சொல்வாங்களே, அதாங்களா?" என்று கேட்டுவிட்டேன். இங்கேயும் அதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறதா?

"அங்க வேலை செய்யறதும் நொதிதான். தோசை மாவு புளிக்கிறதுலயும் இருக்கு. ஆயிரம் வேலைக்கு ஆயிரம் நொதி இருக்கு. உங்களுக்குக் குறைஞ்சது சோறு செரிக்கிற நொதி. சாராயத்தோட சேர்த்துப் பயப்படாதீங்க."

அப்போதுதான் சுபா வாயைத் திறந்தாள். "டாக்டரம்மா, குடிக்காமலே இது வருமா?"

"வரும். நம்ம தென்னாட்டுப் பக்கம் ஒரு சொட்டுகூடக் குடிக்காதவங்களுக்கு, சின்ன வயசுக்காரங்களுக்குகூட வருது. நிறையப் பார்த்திருக்கேன்."

"ஏன் வருது?" இது நான்.

"முழுசாத் தெரியல. பிறவிக்கூறு கொஞ்சம் இருக்கலாம், வேற காரணமும் இருக்கலாம். உங்க அப்பா குடிச்சதால உங்களுக்கு வந்துச்சுன்னு மட்டும் முடிச்சுப் போடாதீங்க."

சுபா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. குடிக்காமலும் வரும் என்று டாக்டர் சொன்ன ஒரு சொல்லை உடனே நம்பிவிட்டாள். நான் எத்தனை முறை சொன்னேன்?

செப்டம்பர் 9, திங்கள்

குப்பி மாத்திரை, அதாவது கேப்சூல், கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து நொதியை உள்ளே அனுப்புகிற மருந்து. மாற்றம் எதுவும் இல்லை. அதே வலி, அதே எண்ணெய். இந்த டாக்டரும் தப்பாகத்தான் சொல்லிவிட்டாரோ? அப்படியானால் குடிக்காமல் வரும் என்றதும் தப்பாகிவிடுமா? வயிற்றைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

மறுபடியும் பெரம்பலூர். டாக்டர் முத்தமிழ் ஒரே கேள்வி கேட்டார். "எப்படிச் சாப்பிடறீங்க மாத்திரையை?"

எல்லா மாத்திரையையும் போலச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போடுகிறேன் என்றேன். சுபா, "குப்பி பெருசா இருக்குன்னு ஒரு நேரம் நான் பிரிச்சு, சூடு ரசத்துல கலக்கிக் கொடுத்தேங்க" என்றாள்.

டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "சோறு முன்னாடியே போயிடுச்சு, அதை உடைக்கிறவன் பின்னாடி போனா எங்க போய்ப் பிடிப்பான்? முதல் வாய்ச் சோத்தோட ஒன்னு, பாதிச் சாப்பாட்டுல ஒன்னு. மெல்லாம முழுங்கணும். சூட்டுல போட்டீங்கன்னா நொதி கெட்டுப்போயிடும்மா, அப்புறம் அது வெறும் தூள்தான்."

என் தவறு எல்லாமே இப்படித்தான் போலிருக்கிறது. பொருள் சரி, நேரம் தப்பு.

செப்டம்பர் 22, ஞாயிறு

மிதக்கவில்லை!

கழிப்பறையிலிருந்து சுபாவைக் கூப்பிடப் போய், வாயைப் பொத்திக்கொண்டேன். இதையெல்லாமா கூப்பிட்டுக் காட்டுவார்கள்?

அக்டோபர் 6, ஞாயிறு

வலி அடியோடு போகவில்லை, ஆனால் விட்டுவிட்டு வருகிறது. சட்டை கொஞ்சம் உடம்பில் நிற்கிறது. சுபா ஓடி ஓடிக் கவனிக்கிறாள். சோறு போடும்போதே தட்டுக்குப் பக்கத்தில் குப்பியை வைத்துவிடுகிறாள். அவள் அன்பாக இருக்க இருக்க எனக்கு எரிச்சலாக வருகிறது. இன்று கேட்டேவிட்டேன்.

"டாக்டரம்மா சொன்னதும் நம்பின. நான் சொன்னப்ப ஏன் நம்பல?"

அவள் மாவுக் கையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா பைபிள் மேல கைய வச்சுச் சத்தியம் பண்ணும். தொடலன்னு. வாயிலயே நாறும், அப்பவும் சத்தியம் பண்ணும். அம்மா ஒவ்வொரு தடவையும் நம்புச்சு. அம்மா மாதிரி ஆயிடக் கூடாதுன்னு மட்டும்தாங்க எனக்கு இருந்துச்சு. நீங்க பாப்பா மேல சத்தியம் பண்ணினப்ப எங்கப்பா குரல்தான் எனக்குக் கேட்டுச்சு."

அவள் அப்பா நெஞ்சுவலியில் போனார் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெரியாது. அவளுக்கும் சொல்லத் தோன்றவில்லை. நான் குடியைப் பார்த்து ஓடினேன். அவள் குடிகாரன் சத்தியத்தைப் பார்த்து ஓடினாள். ஓடிவந்த இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்திருக்கிறார்கள்.

கோபம் போய்விட்டதா? தெரியவில்லை. ஆனால் அதை யார் மேல் வைப்பது என்றுதான் இப்போது தெரியவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் சுபாவும் பாப்பாவும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். உங்கள்மேல் பழி போட்டுவிட்டேன் அப்பா, இது மட்டும் உங்களால் வந்ததில்லையாம். மற்றதெல்லாம் உங்களால்தான்.

நவம்பர் 18, திங்கள்

ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பள்ளிக்குப் போனோம். சுபாவும் வருகிறேன் என்றாள். நல்லுசாமி சார் உட்காரச் சொன்னார். உடம்பு தேறிவிட்டதே என்றார். பிறகு மெதுவாக, "ஒன்னு செய்யி லியோ. இவர் குடிக்கிறவர் இல்லன்னு அந்த டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துரு. எனக்கு நம்பிக்கை இருக்கு. ஒரு பேச்சுக்குத்தான்" என்றார்.

நான் சரி என்று சொல்லப்போனேன். வாங்கினால் வாங்கிவிடலாம், டாக்டரம்மா கொடுப்பார்.

சுபா முந்திக்கொண்டாள். "சர்டிபிகேட் எதுக்குங்க சார்? நான் சொல்றேன். அவரு குடிக்க மாட்டாரு."

"நீ சொல்லுவம்மா—"

"கூடவே இருக்கறவ சொல்றேன். அதுக்கு மேல என்னங்க வேணும்? ஓட்டலாம்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. நோவு வந்தது கணையத்துல. அவரு நாணயத்துல இல்ல."

நல்லுசாமி சார் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "பாத்துச் சொல்றேன்மா" என்றார். அந்தச் சொல்லின் அர்த்தம் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

வெளியே வந்ததும் சுபா என் பக்கம் திரும்பினாள். "வேலையைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டாள். கெடுத்துவிட்டாள்தான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், பஸ் ஸ்டாண்டு வரை விடவில்லை. ஆண்டிமடத்தில் நாங்கள் கைபிடித்து நடந்ததே கிடையாது.

நவம்பர் 29, வெள்ளி

ஆயா போன் பண்ணினார். புது டிரைவர் வந்துவிட்டாராம். "அவன் நல்லாத்தான் ஓட்டுறான் தம்பி. பிள்ளைங்கதான் லியோ அண்ணன் எங்கன்னு கேக்குதுங்க."

பூமாலை அண்ணன் தன் முந்திரி லோடு வண்டிக்கு ஆள் தேடுகிறார். திங்கட்கிழமை வரச் சொன்னார். எனக்கு என்ன நோய், ஏன் வேனை விட்டேன் என்று எல்லாம் சொல்லத் தொடங்கினேன். அவர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டே, "மழை பேஞ்சா தார்ப்பாய் நல்லா கட்டுவியா?" என்று மட்டும் கேட்டார்.

டிசம்பர் 19, வியாழன்

பெரம்பலூரில் பாதி லோடு இறக்கிவிட்டு அரியலூர் வந்தேன். மழை. மீதியை இறக்க ஆள் வரவில்லை. பசித்தது. பழைய பசி இல்லை இது, மரியாதையாக வந்து காத்திருக்கிற பசி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டாக் கடையில் உட்கார்ந்து, முதல் வாயோடு குப்பியை விழுங்கினேன். பாதியில் இன்னொன்று. பக்கத்தில் இருந்தவர், "சக்கரைக்கா?" என்றார். "செரிக்கறதுக்கு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குருமா கேட்டார்.

சுபாவுக்குப் போன் போட்டேன். "அரியலூர்ல நிக்கறேன். இங்கயே சாப்பிட்டுக்கறேன். ஆளு வரல, வர நேரமாகும்."

"சரி. மழை பேயுது, பாத்து வாங்க."

வைத்துவிட்டாள். எந்தக் கடை, கூட யார், ஏன் நேரமாகிறது என்று எதுவும் கேட்கவில்லை. அவ்வளவுதானா என்று போனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கூப்பிட்டு நானே எல்லாவற்றையும் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னொரு பரோட்டா சொன்னேன்.